மாவுக்கட்டைக் கழற்றக் கூடாது

பிளம்பரின் வலது கை உடைந்ததற்குக் காரணம் கனிவுதான். வேறு யார் மேலும் பழி போட முடியாது.

அந்தச் சபையின் போதகர் ஒரு ஞாயிற்றுக்கிழமை கனிவைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். ஜெபம் செய்வது போல, வேதம் வாசிப்பது போல, கனிவையும் தினமும் பழக வேண்டும் என்றார். நல்ல பிரசங்கம். சீக்கிரமும் முடிந்தது. எல்லாரும் தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருந்தால் யாருக்கும் ஒரு கெடுதலும் வந்திருக்காது. ஆனால் முன்வரிசையிலிருந்து தலைவர் எழுந்து நின்றுவிட்டார்.

தலைவர் என்பது அவருக்குப் பெயராகவே ஆகிவிட்டிருந்தது. சுங்க இலாகாவில் பெரிய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். கட்டடக் குழு, தோட்டக் குழு, ஒலிபெருக்கிக் குழு என்று சபையில் எந்தக் குழு முளைத்தாலும் அதற்கு அவர்தான் தலைவர். கல்யாண வீட்டில் சும்மா நின்று கொண்டிருந்தாலும் நான்கு பேர் அவரிடம் வந்து, "உள்ளே போகலாமா ஐயா?" என்று கேட்டுவிட்டுத்தான் போவார்கள்.

"பழகணும்னு போதகர் ஐயா சொல்லிட்டார், ரொம்ப சந்தோஷம்" என்றார் தலைவர். "ஆனா யார் பழகறது? யார் மேல பழகறது? பழகினதை யார் பாக்கறது? இப்ப என்ன நடக்குது தெரியுமா? யார் வேணும்னாலும் யாருக்கு வேணும்னாலும் நல்லது செஞ்சுட்டு சத்தமில்லாம போயிடறாங்க. கேள்வி முறையே கிடையாது. இது இப்படியே போனா நாமெல்லாம் எதுக்கு இருக்கோம்?"

அன்று மத்தியானமே 'கனிவு நடைமுறைக் குழு' பிறந்தது. தலைவருக்குத் தலைமைப் பதவி. பள்ளிக்கூடத் தலைமையாசிரியைக்குச் செயலாளர் பதவி, ஏனென்றால் அவரிடம் ஒரு கைமணி இருந்தது. உறுப்பினர்களுக்கு இளநீல நிறத்தில் கையில்லாத மேலங்கி தைத்துக் கொடுத்தார்கள். கனிவு காட்டப் போகிறவர் முதலில் மணியடிக்க வேண்டும், ஆரம்ப ஜெபம் செய்ய வேண்டும், அதன் பிறகு கனிவு காட்ட வேண்டும், முடிவு ஜெபம் செய்ய வேண்டும், மறுபடியும் மணியடிக்க வேண்டும். மணி இல்லாமல் காட்டிய கனிவு செல்லாது. தலைமையாசிரியை ஒரு சாயங்காலம் புன்னகைப் பயிற்சியும் நடத்தினார். மேல்வரிசைப் பற்கள் மட்டும் தெரிவது அனுதாபப் புன்னகை, இரண்டு வரிசையும் தெரிவது உற்சாகப் புன்னகை. நோயாளிகளைப் பார்க்கப் போகும்போது தவறுதலாக உற்சாகப் புன்னகையைக் காட்டிவிடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார்.

முதல் வாரம் குழு தெருவில் இறங்கியது. கடைக்குள் போன மனைவிக்காகச் சாலையோரம் காத்து நின்ற ஒரு பெரியவரைக் கையைப் பிடித்து எதிர்ப்பக்கம் கொண்டு போய் விட்டார்கள். அவர் திட்டிக்கொண்டே திரும்பி வந்தார். அதற்குள் அடுத்த அணி வந்து மறுபடியும் கொண்டு போய் விட்டது. பாரம் தூக்க உதவுகிறேன் என்று ஒரு பெண்ணின் கைப்பையை ஒருவர் வாங்கப் போய், அந்த அம்மா போட்ட கூச்சலில் போலீஸ் வந்தது. ரொட்டிக் கடை வரிசையில் உறுப்பினர்கள், "நீங்க முன்னாடி போங்க", "ஐயோ, நீங்க போங்க" என்று ஒருவருக்கொருவர் இடம் விட்டுக்கொண்டே பின்னால் போனதில், கடைக்காரர் பார்த்துப் பார்த்து அலுத்துப் போய்க் கதவை இழுத்துச் சாத்திவிட்டார்.

பெண்கள் பிரிவு அமைதியான வழியைத் தேர்ந்தெடுத்தது. சனிக்கிழமை சாயங்காலம் சபைப் படிக்கட்டைத் தாராளமாகச் சோப்புப் போட்டுக் கழுவி, மணியடித்து முடித்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். தண்ணீர் விட்டு அலசுவது மட்டும் யார் பங்கிலும் வரவில்லை. மறுநாள் காலையில், பலிபீடத்துக்குப் பின்னால் சொட்டும் குழாயைச் சரி செய்ய யாரும் கூப்பிடாமலே பையைத் தூக்கிக்கொண்டு பிளம்பர் வந்தார். மூன்றாம் படியில் வைத்த கால் முதல் படியில் போய் நின்றது. கை அதற்கும் கீழே போயிருந்தது.

ஓடி வந்தவர்களில் தலைவர்தான் முதல் ஆள். கீழே கிடந்த பிளம்பரையும் வளைந்து கிடந்த மணிக்கட்டையும் பார்த்தார். கண்ணை மூடினார். "ஆண்டவரே, சரியான நேரத்துல குடுத்தீர், ஸ்தோத்திரம்" என்றார்.

*

பிளம்பருக்கு அன்பு பெறுவதில் பழக்கமில்லை. சிறு வயதிலிருந்தே அடுத்தவர் வீட்டுக் குழாய்களுக்கு நடுவே வளர்ந்தவர். ஜெபக் கூட்டத்தில் நாலு வார்த்தை சேர்த்துப் பேச வராது. கடவுளிடம் தனியாகப் பேசுவதென்றால்கூட, "ஆண்டவரே, நான்தான்" என்று ஆரம்பித்து அதோடு நின்றுவிடும். மிச்சத்தை அவரே பார்த்துக்கொள்வார் என்று இவருக்கு ஒரு நம்பிக்கை.

அவர் குடியிருந்தது ஒரு மூன்று மாடிக் கட்டடத்தின் தரைத்தளத்தில். உச்சி மாடியில் அறிவிப்பு அத்தை தனியாக இருந்தார். ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர், அதனால் அந்தப் பெயர். வேலை போனாலும் குரல் போகவில்லை. பால் வாங்குவது முதல் பல் வலி வரை எதையும் அறிவிப்பாகத்தான் சொல்வார். முட்டி தேய்ந்து போனதால் படியிறங்குவது முடியாது. மேலே போகும் தண்ணீர்க் குழாயும் துருப்பிடித்து அடைத்துப் போயிருந்தது. பிளம்பர்தான் தினமும் காலையில் ஒரு வாளித் தண்ணீர் கொண்டு போய் வைப்பார். அந்த மூன்று மாடிப் படியேறும்போதுதான் அவருக்கு ஜெபம் கொஞ்சம் நீளமாக வரும்.

அத்தையின் மகன் வேறு ஊரில் இருந்தான். "தண்ணி கூட இல்லாத வீட்ல எதுக்கும்மா இருக்கே? அடுத்த மாசக் கடைசியில திங்கட்கிழமை வர்றேன். குழாயில தண்ணி வந்தா இரு, இல்லன்னா அன்னைக்கே முதியோர் இல்லத்துல கொண்டு போய் சேத்துடறேன்" என்று ஃபோனில் சொல்லிவிட்டான். கெட்ட பிள்ளை இல்லை. பயந்த பிள்ளை.

அத்தை அதைப் பிளம்பரிடம் சொன்னபோது அறிவிப்பாகச் சொல்லவில்லை. சாதாரணக் குரலில் மெதுவாகச் சொன்னார். அது பிளம்பருக்குத் தாங்கவில்லை. "நான் புதுக் குழாய் போட்டுடறேன் அத்தை. அவர் வந்து திறந்து பாக்கட்டும்" என்றார். குழாய்களை வாங்கி வந்து படிக்கட்டுச் சுவரோரம் சாய்த்தும் வைத்துவிட்டார். அந்த வாரம்தான் வேலையை ஆரம்பிப்பதாக இருந்தது. அதற்குள் சோப்புப் படி.

ஆஸ்பத்திரியிலிருந்து மாவுக்கட்டோடு வீட்டுக்கு வந்து சேர்ந்த பிளம்பருக்கு வாசலிலேயே வரவேற்பு நடந்தது. மணியடித்தார்கள். தலைவர் அவர் தோளில் ஒரு வெள்ளைப் பட்டையைக் குறுக்கே மாட்டினார். அதில் 'கனிவுப் பெறுநர்' என்று எழுதியிருந்தது.

"தம்பி, நீ இனிமே ஒண்ணும் செய்ய வேண்டாம்" என்றார் தலைவர். "எல்லாம் நாங்க செய்வோம். நீ வாங்கிக்கிட்டா போதும். நன்றி சொல்லும்போது கண்ணுல தண்ணி வந்தா நல்லது. கட்டாயம் இல்ல."

"ரொம்ப நன்றிங்கய்யா. மாடியில அத்தைக்கு மட்டும் காலையில ஒரு வாளி தண்ணி இடது கையாலயே கொண்டு போயிடுவேன்..."

தலைவர் முகம் மாறியது. "அது கூடாது. பெறுநர் கொடுக்கக் கூடாது."

"ஏங்கய்யா?"

"கொடுக்கறவங்க ஒரு பக்கம், வாங்கறவங்க ஒரு பக்கம்னு இருந்தாதான் ஒழுங்கு. ரெண்டும் கலந்து போச்சுன்னா யார் யாருக்குக் கனிவு காட்டறாங்கன்னே தெரியாம போயிடும். சபை முழுக்க எல்லாரும் எல்லாருக்கும் செய்ய ஆரம்பிச்சுட்டா எப்படிச் சமாளிக்கறது?"

"அப்ப அத்தையையும் பெறுநராப் போட்டுக்கலாமே, ஐயா. அவங்களும் நம்ம சபைதான்."

தலைவர் யோசித்தார். நியாயமான மனிதர், யோசிக்காமல் எதையும் மறுக்க மாட்டார். "அவங்களுக்கு முட்டி வலி. முட்டி வலி வெளியில தெரியாது. அடுத்த மாசக் கடைசியில பேராயர் ஐயா நம்ம திட்டத்தைப் பாக்க வர்றார். அவர்கிட்ட எதைக் காட்டறது? மாவுக்கட்டுன்னா கதவைத் திறந்ததும் பளிச்சுனு தெரியும்."

*

அன்று முதல் பிளம்பரின் வீடு நிரம்பி வழிந்தது. ஓர் அணி அவருக்குச் சூப் ஊட்டியது. அடுத்த அணி வந்து, ஊட்டியாகிவிட்டதா என்று கேட்காமல் மறுபடியும் ஊட்டியது. பிளம்பருக்கு இடது கை நன்றாகத்தான் இருந்தது. அதைச் சொன்னால், "கூச்சப்படாதீங்க" என்று அனுதாபப் புன்னகை காட்டினார்கள். பாடகர் குழு தினமும் வந்து ஆறுதல் பாட்டுப் பாடியது. கதவுக்கு ஓர் அணி பச்சை வர்ணம் அடித்தது. பச்சை காய்வதற்குள் இன்னோர் அணி நீலம் அடித்தது. கடைசியில் கதவு எந்த நிறம் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. உள்ளே போய் வந்தவர்கள் எல்லார் தோளிலும் அந்த நிறம் இருந்தது.

பிளம்பரின் மனைவி மருந்துக் கடையில் வேலை பார்ப்பவர். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் சமையலறையில் ஒரு சாமான் வைத்த இடத்தில் இருக்காது.

"ஏங்க, உப்பு எங்கேங்க?"

"ஒழுங்குபடுத்தறேன்னு இன்னைக்கு ஒரு அம்மா வந்தாங்க."

"சர்க்கரை?"

"அது நேத்து வந்த அம்மா."

"கை உடைஞ்சது உங்களுக்கு. தண்டனை எனக்கா? போதும்னு ஒரு வார்த்தை சொல்ல உங்களுக்கு வாய் வராதா? மாவுக்கட்டு கையிலதானே போட்டிருக்கு?"

பிளம்பர் போதகரிடம் போய்ச் சொல்லிப் பார்த்தார். போதகர் பாவம், நல்ல மனிதர். பிரசங்கம் செய்த அன்றிலிருந்து அவருக்கே சரியான தூக்கம் இல்லை. "வாங்கிக்கறதும் ஒரு தாழ்மைதான், தம்பி. கொஞ்சம் பொறுத்துக்க" என்றார். அது பிளம்பர் மனதில் தைத்துவிட்டது. வாழ்நாள் முழுக்கக் கொடுத்தே பழகிய தனக்கு, வாங்கிக்கொள்ளத் தெரியவில்லையோ, அது ஒருவகை அகம்பாவமோ என்று யோசித்தார். அதனால்தான் அத்தனை சூப்பையும் குடித்தார்.

ஆனால் தண்ணீரை மட்டும் விட முடியவில்லை. அதிகாலையில் முதல் மணி அடிப்பதற்குள் இடது கையால் அரை வாளி கொண்டு போய் வைத்துவிடுவார். ஒரு நாள் முதல் அணி சீக்கிரமே வந்துவிட்டது. அணிக்கு முன்னால் தலைவரே வந்தார். பிளம்பர் சட்டென்று கொடியில் கிடந்த துணியை எடுத்து வாளியின் மேல் போட்டு மூடினார்.

தலைவர் படிக்கட்டில் வழியை மறித்து நின்றார். ஓய்வு பெற்ற பிறகு அவர் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை யாரும் பார்த்ததில்லை.

"உள்ள என்ன தம்பி?"

"துணிங்கய்யா."

தலைவர் இரண்டு விரலால் துணியின் நுனியைத் தூக்கினார். "துணிக்கு அடியில?"

"தண்ணி."

"சொந்த உபயோகத்துக்கா, வேற யாருக்காவதா?"

பிளம்பருக்குப் பொய் சொல்லி வழக்கமில்லை. அந்த நேரம் பார்த்து உச்சி மாடியிலிருந்து கட்டடமே அதிரும்படி குரல் வந்தது. "கனிவான கவனத்திற்கு! தரைத்தளத்திலிருந்து உச்சி மாடிக்கு வர வேண்டிய காலைத் தண்ணீர், சற்றுத் தாமதமாக வந்து கொண்டிருக்கிறது!"

தலைவர் வாளியைப் பறிமுதல் செய்தார். அதற்குப் பிறகு பிளம்பரின் மனைவிதான் வேலையிலிருந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், அத்தைக்குத் தண்ணீர் கொண்டு போனார். போகும்போதும் வரும்போதும் குழுவைத் திட்டினார். மனைவி பெறுநர் இல்லை என்பதால் தலைவரால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. மணியடிக்காமல் கொண்டு போவது பற்றி மட்டும் வருத்தம் தெரிவித்தார்.

*

பேராயர் வரும் ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின திங்கட்கிழமை டாக்டர் மாவுக்கட்டை வெட்டி எடுத்தார். பிளம்பர் விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்தார். சந்தோஷத்தில் அவருக்குச் சிரிப்பு வந்தது. ஒரு வாரம் முழுசாக இருந்தது. குழாய் போட அது தாராளம்.

வெளியே பெஞ்சில் தலைவர் உட்கார்ந்திருந்தார். வெறும் கையைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். "யாரைக் கேட்டுக் கழட்டினீங்க?" என்று டாக்டரைப் பிடித்துக்கொண்டார்.

"எலும்பு கூடிடுச்சு சார்" என்றார் டாக்டர்.

"எலும்பு கூடினா ஆச்சா? பேராயர் ஞாயிற்றுக்கிழமைதானே வர்றார்?"

டாக்டர் தன் படிப்பில் இதற்கு விடை தேடினார். கிடைக்கவில்லை. தலைவர் குப்பைத் தொட்டியிலிருந்து மாவுக்கட்டின் இரண்டு பாதிகளையும் எடுத்து ஒட்டிப் பார்த்தார். துணி சுற்றிக் கட்டினால் புதுசு போலவே இருக்கும் என்று பூரித்துப் போனார்.

"ஐயா, எனக்குக் குழாய் வேலை இருக்கு. அடுத்த திங்கட்கிழமை அத்தையோட பையன் வந்துடுவார்" என்று பிளம்பர் கெஞ்சினார்.

"ஒரு வாரம்தான் தம்பி. எனக்காகச் செய்ய வேண்டாம். ஆண்டவருக்காகச் செய்."

ஆண்டவர் பெயரைச் சொன்னால் பிளம்பருக்கு மறுக்க வராது. தலைவருக்கு அது தெரியும். இரண்டு பாதி மாவுக்கட்டோடு வீட்டுக்கு வந்தவரைப் பார்த்து மனைவி தலையில் கை வைத்துக்கொண்டார். "நல்ல கையைக் கட்டிக்கிட்டு வந்திருக்கீங்களே, உங்களை என்ன சொல்றது! அத்தையை வண்டியில ஏத்தும்போதும் இதே கையை ஆட்டி வழியனுப்புங்க!"

அந்தச் சொல் பிளம்பரைச் சுட்டது. மறுநாள் அதிகாலையிலேயே கட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் படிக்கட்டில் வேலையை ஆரம்பித்தார். துண்டுக் குழாயை வெட்டுவதும், மணிச்சத்தம் கேட்டால் ஓடிப்போய்க் கட்டை மாட்டிக்கொண்டு நாற்காலியில் சாய்வதுமாகப் பொழுது போயிற்று. ஒரு தடவை அவசரத்தில் இடது கையில் மாட்டிக்கொண்டார். தலைமையாசிரியை உள்ளே வந்து, இந்தக் கையையும் அந்தக் கையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இரண்டு கைகளுக்காகவும் ஜெபம் செய்தார்.

இப்படித் திருடன் போல வேலை செய்தால் எவ்வளவு நடக்கும்? சனிக்கிழமை சாயங்காலம் குழாய் இரண்டாம் மாடி வரைதான் போயிருந்தது. போதாக்குறைக்கு அன்று பாடகர் குழுத் தலைவர், பிளம்பர் வீட்டுச் சமையலறைக் குழாய் சொட்டுவதைப் பார்த்து மனம் இளகி, தன் பலத்தையெல்லாம் கொடுத்து அதைத் திருகினார். சொட்டுவது நின்றது. திருகாணி மரையும் போயிற்று. யாரிடமும் சொல்லாமல் மேலே ஒரு துணியைச் சுற்றி, முடிவு மணியை அடித்துவிட்டுப் போய்விட்டார்.

*

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து பேராயர் வந்தார். வயதானவர், குட்டையானவர். காலையிலிருந்து மூன்று வரவேற்பைத் தாங்கிவிட்டு வந்திருந்தார். நிறம் தெரியாத கதவைக் கொஞ்ச நேரம் ஆர்வமாகப் பார்த்தார். அந்தச் சின்னச் சமையலறையில் நீல மேலங்கிகள் அடைந்து நின்றன. நடுவே நாற்காலியில் பட்டையோடும் மாவுக்கட்டோடும் பிளம்பர். அவருடைய நாற்காலிக்குப் பின்னால் அந்தக் குழாய்.

தலைவர் பேச ஆரம்பித்தார். "பேராயர் ஐயா, இவர் விழுந்த அன்னைக்கு இவர்கிட்ட ஒண்ணுமே இல்ல. இன்னைக்குப் பாருங்க, இவரைச் சுத்தி எத்தனை பேர்! இவருக்குக் குணமாகறதைப் பத்தி நாங்க கவலைப்படறதே இல்ல. குணமாகாம இருக்கற வரைக்கும் எங்க கனிவு குறையாது. இன்னும் பல வருஷம் இவர் இப்படியே இருக்கணும்னுதான் எங்க ஜெபம்..."

பின்னால் துணி மெல்ல நனைந்தது. பிறகு குழாய் பிய்த்துக்கொண்டது.

தண்ணீர் நேராகப் பேராயரின் நெஞ்சில் அடித்தது. கூட்டம் கதவுப் பக்கம் முண்டியது, கதவில் ஒட்டிக்கொண்டது. தலைமையாசிரியை என்ன செய்வதென்று தெரியாமல் மணியடித்தார். பிளம்பர் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. கையில் சுற்றிய துணியை உருவி, மாவுக்கட்டின் இரண்டு பாதிகளையும் இரண்டு பக்கம் வீசிவிட்டு, ஒரு கையால் குழாய் வாயைப் பொத்தி, இன்னொரு கையால் தொட்டிக்குக் கீழே இருந்த அடைப்பானைத் திருகி மூடினார். தண்ணீர் நின்றது.

எல்லார் கண்ணும் பிளம்பரின் வலது கையில் இருந்தது.

"அற்புதம்!" என்று பாடகர் குழுத் தலைவர் அலறினார். "கை குணமாயிடுச்சு! நம்ம கண்ணு முன்னாடியே!" பாடகர் குழு மகிழ்ச்சிப் பாட்டை எடுத்துவிட்டது. இரண்டு பேர் முழங்காலில் விழுந்தார்கள், தண்ணீரில்.

"அற்புதம் எல்லாம் இல்லீங்க..." என்று பிளம்பர் சொல்லிப் பார்த்தார். பாட்டில் அது யாருக்கும் கேட்கவில்லை. தலைவர் பேராயரையும் பார்த்தார், தரையில் கிடந்த மாவுக்கட்டையும் பார்த்தார். பிறகு ஒரு முடிவுக்கு வந்தவராக, தானும் பாட ஆரம்பித்தார்.

உச்சி மாடிக் குரலுக்குப் பாட்டெல்லாம் ஒரு தடை இல்லை. ரயில் சத்தத்தையே அடக்கிய குரல் அது. "அனைவரின் கனிவான கவனத்திற்கு! பிளம்பரின் மாவுக்கட்டு திங்கட்கிழமையே கழற்றப்பட்டுவிட்டது! தலைவர் கேட்டுக்கொண்டதன் பேரில் மறுபடியும் கட்டப்பட்டது! ஏற்பட்ட சிரமத்திற்கு வருந்துகிறோம்!"

பாட்டு ஒவ்வொரு குரலாக நின்றது.

பேராயர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அது யாரு?" என்றார்.

"மாடி வீட்டு அத்தைங்கய்யா" என்றார் பிளம்பரின் மனைவி. "வாங்க, அவங்ககிட்ட காஞ்ச சட்டை இருக்கும். எங்க வீட்டுத் துணியெல்லாம் எந்த அம்மா எங்க அடுக்கி வெச்சாங்களோ, எனக்கே தெரியல."

பேராயர் படியேறிப் போனார். அத்தை தன் காலஞ்சென்ற கணவரின் சட்டையை எடுத்துக் கொடுத்தார். முந்தின நாள் வந்த தண்ணீரில் மிச்சம் இருந்ததையெல்லாம் சூடாக்கித் தேநீர் போட்டுக் கொடுத்தார். பேராயர் குடித்து முடித்துவிட்டு, "இன்னொரு வாய் கிடைக்குமா?" என்று கேட்ட பிறகுதான், வீட்டில் சொட்டுத் தண்ணீர் இல்லை என்பது தெரிந்தது. நாளைக்கு மகன் வரப் போவதும் தெரிந்தது.

"வேலை பாத்த காலம் முழுக்க கனிவான கவனத்திற்குன்னுதான் ஐயா சொல்லிக்கிட்டிருந்தேன்" என்றார் அத்தை. "தண்டவாளத்தைத் தாண்டறவன் ஒருத்தனும் திரும்பிக்கூடப் பாத்ததில்ல. இந்தத் தம்பி மட்டும்தான் நான் கூப்பிடறதுக்கு முன்னாடியே வர்றது."

பேராயர், நெஞ்சில் பொத்தான் மாட்ட முடியாத சட்டையோடு, காலி வாளியைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தார். "தெருக் குழாய் எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

கீழே தலைவர் பதறிப் போனார். "ஐயா, நீங்க தூக்கக் கூடாது! நீங்க சிறப்பு விருந்தினர்!"

"இவர் பெறுநர், இவர் தூக்கக் கூடாது. நான் விருந்தினர், நான் தூக்கக் கூடாது. நீங்க?"

"நான் தலைவர் ஐயா!"

"அதுவும் சரிதான்" என்று சொல்லிவிட்டுப் பேராயர் நடந்தார். வாளியைப் பிடுங்கத் தலைவர் வாசல் படிக்கட்டில் பாய்ந்தார். சமையலறையிலிருந்து வழிந்து வந்து படியெல்லாம் தண்ணீர். முதல் படியில் வைத்த கால் மூன்றாம் படியில் போய் நின்றது.

*

தலைவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வைத்த பிறகு, பிளம்பர் வேலையை ஆரம்பித்தார். இரண்டு கைகளோடும் வெளிச்சத்தில் நின்று வேலை செய்வது எவ்வளவு சுகம் என்று அவருக்கு அன்றுதான் தெரிந்தது. போதகர் குழாயைப் பிடித்துக்கொண்டார். பாடகர் குழுத் தலைவரை எதையும் திருக விடவில்லை, ஏணியை மட்டும் பிடிக்கச் சொன்னார்கள். பேராயர் வாளி வாளியாக மேலே தண்ணீர் கொண்டு போனார். ஒருவரும் மணியடிக்கவில்லை. கைமணி எங்கோ ஈரத்தில் கிடந்தது, தேடவும் யாருக்கும் நேரமில்லை. பொழுது சாய்வதற்குள் உச்சி மாடிக் குழாயில் முதலில் காற்று வந்தது, பிறகு துரு வந்தது, பிறகு தண்ணீர் வந்தது.

திங்கட்கிழமை மகன் வந்தான். குழாயைத் திறந்தான், மூடினான், மறுபடியும் திறந்தான். கீழே வந்து பிளம்பரின் கையைப் பிடித்துக்கொண்டான். பிளம்பர், "பாத்து, கதவுல சாயாதீங்க" என்று மட்டும் சொன்னார்.

வாரக் கடைசியில் பிளம்பர் தலைவரைப் பார்க்கப் போனார். வாசலிலிருந்து தெரு முனை வரை நீல மேலங்கிகள் வரிசையில் நின்றன. தலைமையாசிரியைதான் இப்போது பொறுப்புத் தலைவர். புது மணி வாங்கியிருந்தார்கள்.

உள்ளே, தொடை வரை மாவுக்கட்டோடு தலைவர் படுத்திருந்தார். குறுக்கே அந்த வெள்ளைப் பட்டை. கண்கள் சிவந்து உள்ளே போயிருந்தன. பக்கத்தில் மூன்று கிண்ணம் சூப். கால்மாட்டில் பாடகர் குழு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

"தம்பி" என்று தலைவர் குரல் எழும்பாமல் கூப்பிட்டார். பிளம்பர் குனிந்தார். "தூங்கி நாலு நாளாச்சு தம்பி. கண்ணை மூடினா பாடறாங்க. இன்னைக்கு என் மீசையை ஒழுங்குபடுத்திட்டாங்க. இதுக்கு மேல என்னால முடியாது. ஏதாவது செய்யேன்."

பிளம்பர் அவரைப் பார்த்தார். வாளியைப் பறித்த அந்த விரல்களையும் பார்த்தார். கோபப்பட ஒரு நல்ல காரணம் இருந்தது. ஆனால் அவருக்குச் சிரிப்புத்தான் வந்தது, கூடவே உண்மையான இரக்கமும் வந்தது. நிமிர்ந்து நின்று தன் கருவிப் பையைத் தரையில் வைத்தார்.

"எல்லாரும் கொஞ்சம் வெளியில இருங்க" என்றார். "இங்க பெரிய குழாய் வேலை இருக்கு. சுவரை உடைக்க வேண்டி வரும்."

அறை காலியானது. பிளம்பர் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். ஜன்னல் திரையை இழுத்துவிட்டார். பட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, தலையணையைச் சரி செய்தார். தலைவர் ஏதோ சொல்ல வாய் எடுத்தார், அதற்குள் குறட்டை வந்துவிட்டது.

கதவுக்கு வெளியே தலைமையாசிரியையின் குரல் கேட்டது. "வேலை முடிய ரொம்ப நேரம் ஆகுமா?"

"ஆகும்மா. சாயங்காலம் வரைக்கும் ஆகும்."

"நாங்க ஏதாவது உதவி செய்யட்டுமா?"

"வேண்டாம்மா. நீங்க வீட்டுக்குப் போயிட்டு வாங்க."

குறட்டை ஒரு நொடி நின்றது. கண்ணைத் திறக்காமலே தலைவர் முணுமுணுத்தார். "தம்பி, இதைக் குழுவுல சொல்லிடாதே. பெறுநருக்கு மணியடிக்காம..."

"சொல்ல மாட்டேங்கய்யா. தூங்குங்க."

பிளம்பர் சுவரோரம் போன ஒரு குழாயின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, பையிலிருந்து ஸ்பேனரை எடுத்தார். 'ஆண்டவரே, நான்தான்' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு, வெளியே நிற்பவர்களுக்குக் கேட்கிற மாதிரியும் உள்ளே தூங்குகிறவர் விழிக்காத மாதிரியும், சொட்டாத அந்தக் குழாயை மெதுவாக ஒரு தட்டுத் தட்டினார்.